நாற்பத்தொன்று இறங்கும் பாதை

என் மாமியார் திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே சட்டம் போட்டுவிட்டார். மாப்பிள்ளை முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பச்சை மரத்தை வெட்டக்கூடாது, இழவு வீட்டுக்குப் போனாலும் பாடையைத் தூக்கக்கூடாது, எந்த உயிரையும் கொல்லக்கூடாது. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன்காரன் இதில் எதைச் செய்தாலும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாதாம். மெல்பர்ன் ஓரத்துக் கிரான்பர்னில் நாங்கள் அப்போதுதான் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தோம். திரைச்சீலை மாட்டக்கூட ஆணி அடித்திருக்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை படுக்கையறை ஜன்னலை ஒரு பழைய போர்வைதான் மறைத்தது.

யாராவது எதையாவது செய்யாதே என்றால் அதை முதல் வேலையாகச் செய்யத் தோன்றுகிற ஆள் நான். அந்த முறை மட்டும் வாயை மூடிக்கொண்டேன். எங்களுக்கு அதற்கு முன் இரண்டு கர்ப்பம் கலைந்திருந்தது. இரண்டாவது கலைந்தது ஐந்தாம் மாதத்தில். இது மூன்றாவது. டாக்டர் வெளிப்படையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் என் மனைவியின் வயதைத் திரையில் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்த விதத்திலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது, இதை விட்டால் இன்னொன்று கிடையாது என்று.

என் மனைவி மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். கிரகணத்தன்று வாசலில் நின்று காப்பி குடிக்கிற ரகம். அம்மா போட்ட சட்டங்களைக் கேட்டு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. "தாடி உனக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். சரி, தாடிதானே என்று நானும் விட்டுவிட்டேன். ஆபீஸில் என்னைச் சாமியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தலைமுடி காதை மூடியது. அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. கடைசிச் சட்டத்தில்தான் சிக்கல் இருந்தது, ஏனென்றால் என் வேலையே அதுதான்.

நான் பார்ப்பது மான் வேலை. மெல்பர்னுக்குக் கிழக்கே மலைக்காடுகளில் திரிகிற கடமான்களைப் பிடித்து, மயக்க ஊசி போட்டு, கழுத்தில் பட்டை கட்டி விடுவார்கள். அந்தப் பட்டை சில மணி நேரத்துக்கு ஒரு தடவை, தான் எங்கே இருக்கிறது என்று சாட்டிலைட்டுக்குச் சொல்லும். அது என் கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியாக வந்து விழும். புள்ளிகளைக் கோத்து, எந்த மான் எந்தக் காலத்தில் எங்கே போகிறது என்று வரைபடம் போடுவது என் பொறுப்பு. காடு இருக்கும் பக்கம் நான் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை போனால் அதிகம். மற்றபடி நாற்காலியும் இரண்டு திரையும்தான்.

கடமான் இந்த ஊர் விலங்கே அல்ல. வேட்டைக்காக வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டது. அது பெருகி இன்றைக்கு மலையையே தின்கிறது. ஆபீஸில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டதும் என்னைப் பார்த்து, 'உங்க ஊர்க்காரங்கதானா' என்று ஒரு ஜோக் அடிப்பார்கள். தான்தான் முதலில் கண்டுபிடித்தது மாதிரி முகம் வேறு மலர்ந்திருக்கும். நான் விசா வாங்கி வந்தவன், வரி கட்டுகிறவன், யாருடைய சதுப்பு நிலத்தையும் மிதிக்கவில்லை என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சதுப்பு நிலத்துக்கு வருகிறேன். கோடையில் மான்கள் உச்சியில் இருக்கும். அது தேசியப் பூங்கா. பனி விழ ஆரம்பித்ததும் கீழே இறங்கும். நடுவில் அரசாங்கக் காடு. அதற்கும் கீழே, பள்ளத்தாக்கில், பூர்வகுடி மக்களுக்குச் சில வருஷங்களுக்கு முன் திரும்பக் கிடைத்த நிலம். அந்த நிலத்தின் நடுவில் ஒரு சதுப்பு. மெத்தை போல் பாசியும், அந்த மக்களின் பெண்கள் கூடை பின்னுகிற கோரையும் வளர்கிற இடம். மான் அதில் இறங்கிச் சேற்றில் புரண்டு எழுந்தால் அந்த இடம் உழுது போட்ட வயல்தான். குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடக்கும். மானுக்கு எல்லைக் கோடு தெரியாது. ஆனால் மனிதர்களுக்குத் தெரியும். ஹெலிகாப்டரிலிருந்து சுடுவதற்கு அரசாங்கக் காட்டில்தான் அனுமதி. தங்கள் நிலத்துக்கு மேல் துப்பாக்கி வேண்டாம் என்று அந்த மக்கள் தீர்மானமாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே மான்கள் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால், நடுக்காட்டில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

அடர்ந்த காட்டில் மானை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பட்டை கட்டிய பெண்மான். அது எங்கே போகிறதோ அங்கேதான் மற்றவையும் குட்டியும் குடும்பமுமாக ஒதுங்கியிருக்கும். அதைப் பின்தொடர்ந்து போய் மற்றதையெல்லாம் சுட்டுவிட்டு அதை மட்டும் விட்டுவிடுவார்கள், அடுத்த கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரால், இந்தத் தொழிலில் அதற்கு யூதாஸ் என்றே பெயர். என் பக்கத்து மேஜைக்காரர் மலேசியத் தமிழர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். பட்டையின் எண்ணைத்தான் சொல்வார். எங்கள் யூதாஸின் எண் நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றை என் மனைவிக்கு நன்றாகத் தெரியும். முந்தைய குளிர்காலத்தில், அந்த ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். நானும் வீட்டிலிருந்துதான் வேலை செய்தேன். அவள் டிவி பார்க்க மாட்டாள், யாரிடமும் போனில் பேச மாட்டாள். நான் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்தால் எதிரே வந்து உட்கார்ந்து புள்ளிகளைப் பார்ப்பாள். "இன்னைக்கு எங்க இருக்கா?" என்று கேட்பாள். அந்த நாட்களில் அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. ஒரு தடவை புள்ளி நின்றுபோயிற்று. செத்துவிட்டதோ என்று அவள் சாப்பிடாமல் கிடந்தாள். மறுநாள் கிழக்கு ஓடைக்குக் கீழே புள்ளி திரும்ப வந்தபோது எழுந்து போய்த் தோசை வார்த்தாள். அந்த வருஷம் நாங்கள் தாமதித்துவிட்டோம், மான்கள் கோட்டைத் தாண்டிவிட்டன, யாரும் சுடவில்லை. சுடுவதற்குத்தான் இதெல்லாம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

மாமியாருக்கோ நான் மான்களைக் கணக்கெடுக்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தோம். ஒரு ஞாயிறு அவரைத் த பேசின் என்கிற மலையடிவார ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனோம். சுகப்பிரசவத்துக்கு அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மலையடிவாரத்து வளைவில் ஒரு கடமான் குட்டியோடு சாலை ஓரம் நின்றது. நான் பிரேக் போட்டேன். மாமியார் முன் சீட்டிலிருந்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியாடி, பிள்ளையாரே காட்டிட்டாரு. தாயும் பிள்ளையுமா நிக்குது!" பிறகு என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் மாப்ள நீங்க கணக்கெடுக்குறீங்களா?"

"ஆமா அத்தை."

"கணக்கெடுத்து?"

நான் காரைக் கிளப்பினேன். பின் சீட்டிலிருந்து என் மனைவி, "கணக்கெடுத்துச் சுடுவாங்கம்மா" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் மாமியார் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார். "என் பொண்ணு ரெண்டு பறிகொடுத்தவ மாப்ள. அப்பவும் இதே வேலைதான் பாத்தீங்களா?"

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. அப்பவும் இதே வேலைதான். கேள்விக்குள்ளே தீர்ப்பையும் வைத்துக் கேட்கிறார். "நான் துப்பாக்கியையே தொட்டதில்ல அத்தை, நான் மேப் போடுறவன்" என்று கத்தினேன். "மேப்பு போட்டுக் குடுக்காட்டி எப்படிச் சுடுவான்?" என்று அவர் அமைதியாகக் கேட்டார்.

பிறகு சமையலறையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா நீ இந்த வருசம் அதைச் செய்யாத. வேற யாராவது செய்யட்டும். புள்ள பொறக்கட்டும், அப்புறம் என்ன வேணா செய்."

நம்பிக்கை இல்லை என்றால் ஏன் என்று நான் கேட்கவில்லை. இரண்டு தடவை ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றவனுக்கு அது புரியும். செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஈரக் கையோடு கொடுத்த வாக்கு.

இதில் ஒரு கோளாறு என்னவென்றால், அதற்கு முந்தின வாரம்தான் நான் இன்னொரு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்தச் சதுப்பைக் காக்கிற ரேஞ்சர் ஒரு பெண். அந்த மக்களில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், சிரிக்காமலே கிண்டல் செய்கிற ஆள். இலையுதிர் காலத்தில் எங்களை அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். மான் புரண்ட பள்ளங்களில் சாக்கை விரித்து, பாசித் துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டி, கோரை நாற்றுகளை நட்டிருந்தார்கள். பாதி பச்சை பிடித்திருந்தது. இன்னும் வேலி முடியவில்லை. ஒரு குளிர்காலம் மான் வராமல் இருந்தால் போதும், வேர் பிடித்துவிடும், பிறகு வேலியும் வந்துவிடும் என்றார். "போன வருஷம் மான் வந்த பிறகுதான் மான் வருதுன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து மெயில் வந்தது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் முகம் சிவந்திருக்க வேண்டும். இந்த முறை கோட்டுக்கு மேலேயே பிடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

இரண்டு வாக்கையும் காப்பாற்ற நான் கண்டுபிடித்த வழி மலேசியக்காரர். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "எங்க பாட்டி வீட்லயும் இதெல்லாம் பாப்பாங்க பாஸ். எங்கப்பா தாடியோட இருக்கற போட்டோ இருக்கு, நான் பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்தது. நான் பாத்துக்கறேன்லா. எனக்குக் கல்யாணமே ஆகல, என்ன பிரச்சினை?" என்றார். சுடும் நாளில் ஹெலிகாப்டருக்கு இடத்தைச் சொல்லி அனுப்பும் பொறுப்பை அவர் வாங்கிக்கொண்டார். மேலாளரிடம் குடும்பக் காரணம் என்று சொல்லி விடுப்புப் போட்டேன். நாற்பத்தொன்றின் பாதையை அவருக்கு முழுதாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். சொன்னால் அதுவும் கொலையில் சேருமோ என்று மனசு குறுக்கே விழுந்தது. இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், அப்போது எனக்கும் சிரிப்பு வரவில்லை. பாதிதான் சொன்னேன்.

வளைகாப்பு முடிந்த சில நாட்களில் மலையில் முதல் பனி விழுந்தது. நாற்பத்தொன்று இறங்கத் தொடங்கியது. ஹெலிகாப்டருக்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாள் காலையில் என் மனைவி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்தபடி, "அசையவே மாட்டேங்குது" என்றாள்.

மாமியார் சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தார். இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். அசையவில்லை. என் மனைவி எதையும் சொல்லாமல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். காத்திருக்கக்கூடாது என்று கடைக்கு வருகிற எத்தனையோ பெண்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். மாமியாரை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் விளக்கேற்ற உள்ளே திரும்பியதைக் கார்க் கண்ணாடியில் பார்த்தேன். வழி முழுக்கச் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் அவள் வயிற்றை விரலால் தட்டினாள், கதவைத் தட்டுகிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதி மருத்துவச்சி ஓர் இலங்கைத் தமிழ் அம்மா. எங்கள் பேச்சைக் கேட்டதுமே தமிழுக்கு மாறிவிட்டார். "எப்ப தொடக்கம் அசைவு இல்லை? இரவு சாப்பிட்டனீங்களோ? சரி, படுங்கோ, பாப்பம்." வயிற்றில் இரண்டு பட்டைகளைக் கட்டி, வட்டமான கருவியை வைத்து அழுத்தினார். ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தது. கருவியை நகர்த்தினார். லொடக் லொடக் என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கட்டில் கம்பியைப் பிடித்தேன்.

"அது இவவின்ர நாடி, பிள்ளையின்ரது இல்லை" என்றார் அவர்.

இன்னும் கீழே, இன்னும் பக்கவாட்டில் என்று தேடினார். இரைச்சல்தான். அவர் முகம் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொள்ளப் பழகிய முகம் அது என்று எனக்குத் தெரியும், ஏற்கனவே இரண்டு தடவை வேறு ஆட்களிடம் பார்த்த முகம்தான். "சில வேளை பிள்ளை திரும்பிப் படுத்திருக்கும். நான் ஸ்கேன் மெசினைத் தள்ளிக்கொண்டு வாறன். பயப்பிடாதேங்கோ, இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார். நடக்கவில்லை, ஓடினார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் கட்டில் கம்பியில் உரசின. அந்த நேரத்தில் என் போன் அடித்தது.

வெட்டினேன். மறுபடியும் அடித்தது. அணைத்துவிடலாம் என்று எடுத்தவன், விரல் தவறிப் பச்சையை அழுத்திவிட்டேன்.

"பாஸ், சாரி பாஸ்." மலேசியக்காரரின் குரல் அந்தச் சின்ன அறை முழுக்கக் கேட்டது. பின்னால் காற்றும் ரேடியோப் பேச்சும். "விடிகாலைல ஒரு பாயின்ட் வந்துச்சு, அதோட நின்னுருச்சு. ஹெலிகாப்டர் மேல சுத்துது, ஒண்ணும் தெரியல. மேகம் எறங்குதுலா, இன்னும் கொஞ்ச நேரம்தான் பறக்க முடியும்ங்கறாங்க. ரேஞ்சரம்மா என் பக்கத்துல நிக்கறாங்க, பேசவே மாட்டேங்கறாங்க. எங்க இருக்கும்னு மட்டும் சொல்லிருங்க பாஸ். ஒரே வார்த்தை."

எனக்குத் தெரியும். நாற்பத்தொன்று எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி எனக்குத் தெரியும். சொன்னால் நடுக்காட்டில் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் மேகம் விலகுவதற்குள் எல்லாம் கோட்டைத் தாண்டிச் சதுப்புக்குள் இறங்கிவிடும், அந்தச் சாக்கும் பாசியும் நாற்றும் போய்விடும். எங்கேயோ ஒரு மலையில் சாகிற மானுக்கும் இந்தக் கட்டிலில் கிடக்கும் வயிற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, படித்தவன்தானே நீ, சொல்லடா என்று ஒரு மனசு. ஸ்பீக்கரில் இன்னும் வெறும் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ஒருவன் எப்படி வாயைத் திறப்பான்? திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

என் மனைவி கூரையை விட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். வளையல்கள் மணிக்கட்டுக்குச் சரிந்தன. போனை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அண்ணா, நான் பேசுறேன்." குரல் நடுங்கவே இல்லை. "போன வருசமும் இதே மாதிரி பாயின்ட் நின்னுபோச்சு. கிழக்கு ஓடைக்குள்ள இறங்கிட்டா. அங்க பள்ளம், மரம் எல்லாம் ரொம்ப உசரம், சிக்னல் வராது. பழைய மரலாரிப் பாதை ஓடையைத் தாண்டுற எடம் இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் மேல பாருங்க. அவ ஒரு நாள் முழுக்க அங்க நின்னுட்டுத்தான் கீழ போவா. மத்ததெல்லாமும் அங்கதான் இருக்கும். இன்னும் கோட்டைத் தாண்டியிருக்க மாட்டாங்க."

"அக்கா, நீங்களா? சரிக்கா, சரி..."

"நான் சொன்னேன்னு வச்சுக்கங்க. அவர் ஒண்ணும் சொல்லல."

போனை அணைத்து என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. "என்ன பண்ணிட்ட நீ?" என்றேன். அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. "புருஷன் கொல்லக்கூடாதுன்னுதான் எங்கம்மா சொன்னாங்க. பொண்டாட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றாள்.

மருத்துவச்சி இயந்திரத்தோடு வந்தார். பட்டையை அவிழ்த்து, பசையைப் பிழிந்து, கருவியை வைத்தார். சாம்பல் நிறத்தில் ஏதேதோ அசைந்தது. எனக்குப் பார்க்கத் தெரியாத படம் அது ஒன்றுதான். அவர் என் மனைவியின் இடது விலாவுக்குக் கீழே, யாரும் தேடாத மூலையில் கருவியைச் சாய்த்து நிறுத்தினார்.

"இந்தா," என்றார். "முதுகைக் காட்டிக்கொண்டு மேல ஒளிச்சிருக்கிறா. பாருங்கோ, இருதயம் அடிக்குது. வடிவா அடிக்குது."

என் மனைவி திரையைப் பார்க்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். நான் அந்த அம்மாவின் காலில் விழாத குறை. அவர் என் தாடியையும் முடியையும் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கள் கொஞ்சம் கதிரையில இருங்கோ, விழப்போறீங்கள்" என்றார்.

மாலைவரை கவனிப்பில் வைத்திருந்தார்கள். பிள்ளை இரண்டு தடவை உதைத்தது. நடுவில் மலேசியக்காரரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. சொன்ன இடத்தில்தான் இருந்தன, எல்லாம் முடிந்தது, நாற்பத்தொன்றை விட்டுவிட்டார்கள். அவளிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையசைத்தாள். வீட்டில் மாமியார் எங்களை வாசலிலேயே நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். சுற்றும்போது என்னைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் செய்யலியே மாப்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில் என் எதிரே அவள் வந்து உட்காரவில்லை. இன்னைக்கு எங்க இருக்கா என்று கேட்கவுமில்லை. நாற்பத்தொன்று இரண்டு நாள் அந்த ஓடையிலேயே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, தனியாகக் கோட்டைத் தாண்டிக் கீழே போயிற்று. ஒற்றை மானால் சதுப்புக்குப் பெரிய சேதமில்லை. வசந்தத்தில் ரேஞ்சர் அனுப்பிய படத்தில் கோரை முழங்கால் உயரம் நின்றது. எங்கள் மகள் பிறந்ததும் அதே வாரத்தில்தான். படத்துக்குக் கீழே, பிள்ளைக்கு வாழ்த்து, உங்கள் மனைவிக்கு நன்றி என்று எழுதியிருந்தார். மலேசியக்காரர் சொல்லியிருக்கிறார். அதை அவளிடம் காட்டினேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். உணர்ச்சிகளை வெளியே காட்டாத பெண் என்று விட்டுவிட்டேன். சதுப்பு பிழைக்கட்டும் என்றுதான் அன்றைக்கு அவள் போனை வாங்கினாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். நண்பர்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். சொல்லும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மகளுக்குத் தவழத் தொடங்கிய வயதில் முதல் காய்ச்சல் வந்தது. காதில் சீழ், குழந்தைகளுக்குச் சகஜம் என்று டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்தார். மருந்தை எடுத்துக் கலந்து கொண்டுவந்தவளே என் மனைவிதான். மத்தியானம், வெயில் வரவேற்பறைக்குள் வந்து கிடந்தது. குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே ஆட்டிக்கொண்டிருந்தாள். முகம், அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக் கிடந்த அதே முகம்.

"காதுதான்பா. சரியாயிடும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நான்தான பார்மசிஸ்ட்." கொஞ்ச நேரம் ஆட்டினாள். "நான்தான சொன்னேன் அன்னைக்கு."

முதலில் எனக்கு விளங்கவில்லை. மானைக் காட்டிக்கொடுத்த பாவம்தான் குழந்தைக்கு வருகிறது என்கிறாள். ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் இதைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறாள். "பைத்தியமா நீ? அதுக்கும் இதுக்கும் என்ன? அப்படிப் பாத்தா பாதையைக் கண்டுபிடிச்சவன் நான். உனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான். நீ வாயால சொன்ன, அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுன்னு வச்சுக்க."

"வேணாம்" என்றாள். ஒரு கையைத் தூக்கி என்னைத் தடுத்தாள். "நீ இதுக்குள்ள வராத."

"ஏன்?"

"அன்னைக்கு நீ சொல்லத்தான் போன. வாய் திறந்துச்சு, நான் பாத்தேன். நீ சொல்லி, புள்ளைக்கும் ஏதாவது ஆகியிருந்தா, நான் அதுக்கப்புறம் உன்கூட இருந்திருக்க மாட்டேன். எவ்வளவு படிச்சிருந்தாலும் இருந்திருக்க மாட்டேன். அதான் போனை வாங்கினேன்."

அவள் குழந்தையை என் தோளுக்கு மாற்றி, கழுத்து சாயாமல் என் கையை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த வேளை மருந்தை அளந்து எடுக்க உள்ளே போனாள்.